குழந்தை உடம்பில் புள்ளிகளா? இந்த வரிசையில் பாருங்கள்

நாலு சிவப்புப் புள்ளி தெரிந்ததுமே "அம்மை போட்டிருக்கு" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். சரி, எந்த அம்மை? ஒரு புள்ளியை மட்டும் உற்றுப் பார்த்தால் பிடிபடாது. முதலில் எங்கே வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது என்று பாருங்கள்.

படி 1: பகல் வெளிச்சத்தில் துணியெல்லாம் கழற்றிப் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு எடுத்துத் தெரியாது; விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். உள்ளங்கை, உள்ளங்கால், புட்டம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எதையும் விடாதீர்கள். முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு, கொசுக்கடி என்று இரண்டு நாள் சும்மா இருந்தவன் நான்.

படி 2: தொடங்கிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கி அரித்தால் சின்னம்மையாக இருக்கலாம். புதுப் புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

உள்ளங்கை, உள்ளங்கால், புட்டத்தில் என்றால் கை-கால்-வாய் நோயை நினையுங்கள். சாப்பிட மறுத்து அழுதால் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் இருக்கும். 2022இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பானது இதன் ஒரு வகைதான். தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு நகம் கழன்று விழும். பயப்படாதீர்கள், புது நகம் முளைக்கும்.

மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், இருமல், சளி, சிவந்த கண், அப்புறம் காதோரத்திலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு: தட்டம்மை. தடுப்பூசி அட்டையில் 9 மாதம், 16–24 மாத ஊசிகள் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

படி 3: கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்துங்கள். நிறம் மறையாமல் அப்படியே இருந்து, காய்ச்சலும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், பல மணி நேரம் சிறுநீர் போகாமை இருந்தாலும் அப்படியே.

படி 4: தினமும் ஒரே இடத்தைப் போட்டோ எடுங்கள். வேப்பிலை கட்டுங்கள், தப்பில்லை. அதற்காக டாக்டரைப் பார்க்காமல் இருக்காதீர்கள். போகும் முன் போனில் சொல்லிவிட்டால் தனியாக உட்கார வைப்பார்கள். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது.

சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். தட்டம்மை என்றால் தடிப்பு வந்து 4 நாள் கழியவேண்டும்.