பாக்தாத் ரசவாதியின் பையில் இருக்கக் கூடாதவை

கேரக்டர்களாக நடித்து மேஜையில் ஆடும் ரோல்பிளேயிங் கேமில் இஸ்லாமிய ரசவாதி கேரக்டர் வேண்டுமென்றால் பலர் ஐரோப்பிய மந்திரவாதிக்குத் தலைப்பாகை கட்டி, கையில் ஒரு விளக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். பையைத் திறந்தால் பழைய மந்திரவாதியின் சாமான்கள் அப்படியே இருக்கும். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாக்தாதிலும் இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரய் நகரிலும் இருந்த ரசவாதி உலை முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர். சூடு, எடை, நேரம், மூடியின் இறுக்கம் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் அவருடைய பொருள் வேலை செய்யும். ஒன்று பிசகினாலும் கெடும். மாயப்பொருளுக்கு விதி எழுதும்போது அது எப்படிக் கெடும் என்பதை முதலில் எழுதுங்கள்.

அதிகம் காணும் தவறு, இக்ஸீரை வண்ணக் குப்பியில் ஊற்றிச் சண்டைக்கு நடுவே குடிக்க வைப்பது. உலர்ந்த பொடியைக் குறித்த கிரேக்கச் சொல்தான் அரபியில் அல்-இக்ஸீர் ஆகி, ஐரோப்பாவுக்குப் போய் எலிக்ஸிர் ஆனது. அதை நோயாளிக்குக் கொடுத்த கதைகள் ரசவாதி ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் நூல்களில் உண்டு. ஆனால் அதன் முதல் வேலை, உருகிய உலோகத்தின் மேல் விழுந்து அதை மாற்றுவது. ஆகவே கேமில் அதற்கு அளவு வேண்டும். ஒரு திர்ஹம் எடை சுமார் 3 கிராம், அதில் ஆறில் ஒரு பங்கு ஒரு தானிக், அதாவது அரை கிராம். ‘ஒரு தானிக் பொடி பத்து திர்ஹம் செம்பை வெள்ளியாக்கும்’ என்பது போல ஒரு விதி போதும்.

பிறகு கெடும் வழிகள். பொடியை அப்படியே தூவினால் உலையின் அனல்காற்று பாதியை அள்ளிக்கொண்டு போகும், மெழுகில் உருட்டித்தான் போடவேண்டும். உலோகம் முழுதாக உருகியிருக்க வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலும் வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகும், வழியில் மூட்டும் விறகடுப்பே போதும். செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். கரியும் துருத்தியும் உலோகம் உருக்கும் நல்ல மூசையும் இல்லாமல் நடக்காது. பயணத்தில் எதைச் செய்யலாம், ஊர் திரும்பித்தான் எதைச் செய்யவேண்டும் என்பதை இந்த எண்களே பிரித்துவிடும்.

அடுத்தது வாலை, அதாவது காய்ச்சி வடிக்கும் கருவி. படம் வரைபவர்கள் சுருள் சுருளாகக் குழாய் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் மூன்றே பாகம்: அடியில் சுரைக்காய் வடிவப் பாத்திரம் (கர்அ), மேலே மூக்குள்ள தொப்பி (அன்பீக்), மூக்கின் முனையில் ஏந்து குப்பி (காபிலா). ஒரே மாயப்பொருளை மூன்று துண்டாக்கி மூன்று ஊர்களில் ஒளித்துவைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் கொதி பொங்கி மூக்குக்குள் ஏறும். பொருத்தை அடைக்கப் பூசிய சீலைமண் காயுமுன் தீ மூட்டினால் ஆவி கசியும். சூடான கண்ணாடியைக் குளிர்ந்த கல்லில் வைத்தால் விரிசல் விடும். ஆவிக்குப் போக வழியே இல்லாமல் அடைத்தால் வெடிக்கும். பகடையில் 1 விழுந்தால் ‘தோற்றாய்’ என்று மட்டும் சொல்லாமல் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கந்தகம், நவச்சாரம் போல் பதங்கமாகும் சரக்குக்கு வாலை சரிப்படாது. அதற்கு உதால் என்ற வேறு கலம் உண்டு, பதங்கம் அதன் மேல்பகுதியில் படியும்.

சரக்குப் பட்டியலில் டிராகன் கண், யூனிகார்ன் கொம்பு எல்லாம் வேண்டியதில்லை. ரய் நகரத்து மருத்துவரும் ரசவாதியுமான அர்-ராஸீ தாதுக்களை வகைப்படுத்தியபோது தீயில் பறந்துபோகும் பாதரசம், நவச்சாரம், கந்தகம், ஆர்சனிக் கந்தகங்கள் ஆகியவற்றை ‘ஆவிகள்’ என்றும், தீயில் நிற்கும் தங்கம், செம்பு போன்றவற்றை ‘உடல்கள்’ என்றும் பிரித்தார். ஆவியை உடலில் தங்கவைப்பதே கேமின் மையச் செயலாக இருக்கலாம். இந்தச் சரக்குகள் நமக்குப் புதியவையும் அல்ல. நம் நவச்சாரத்தையும் அரபியின் நூஷாதிரையும் சேர்த்து உச்சரித்துப் பாருங்கள். மேஜையில் காட்ட நிஜச் சரக்கு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக்கடைப் படிகாரக் கட்டி போதும். தாளகமும் மனோசிலையும் மேலே சொன்ன ஆர்சனிக் கந்தகங்கள், நஞ்சு, விளையாட்டுக்குக்கூட வாங்கவேண்டாம்.

பாதரசத்தை எடையே இல்லாததுபோல் சுமக்க விடுவதும் தவறு. ஒரு லிட்டர் பதின்மூன்றரை கிலோ இருக்கும். அது காசுப்பையில் கசிந்தால் தங்க தீனார்களில் ஏறி அவற்றை வெளுக்கச் செய்து, நொறுங்க வைக்கும். வெள்ளி, ஈயம், வெள்ளீயத்தையும் விடாது. இரும்பை ஒன்றும் செய்யாது. பூட்டுப் போட்ட தங்கப்பெட்டியைத் திறக்க இதற்கு மேல் மந்திரம் எதற்கு?

நைட்ரிக் அமிலக் குப்பியை 9ஆம் நூற்றாண்டுப் பையில் வைக்காதீர்கள். அதன் தெளிவான செய்முறை 13ஆம் நூற்றாண்டு இலத்தீன் நூல்களில்தான் வருகிறது. வெடிமருந்தும் அந்தப் பகுதியில் பிந்தைய காலம்தான். எறிந்து எரிக்க ஏதாவது வேண்டுமென்றால் நஃப்த் என்ற எரியெண்ணெய் இருக்கிறது. பாக்தாதை ஆண்ட அப்பாசியரின் படைகளில் அதை வீசுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். விளக்கையும் விட்டுவிடலாம். அலாவுதீன் கதை சிரியாக்காரரான ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்லி எழுத்துக்கு வந்தது. ஜின்னை அடைக்க ஈயத்தால் மூடி சுலைமான் (சாலமன்) மன்னரின் முத்திரை இட்ட பித்தளைக் குடுவைதான் பழைய மரபு.

தாயத்து, தகடு விஷயத்தில் இரண்டு பிழைகள் சேர்ந்தே வரும். அரபுபோலத் தெரியும் கிறுக்கலை அச்சடிப்பார்கள். மென்பொருள் எழுத்துகளைப் பிரித்து, இடமிருந்து வலமாக அடுக்கியிருக்கும், படிக்கத் தெரிந்தவர் சிரிப்பார். இல்லையென்றால் நிஜக் குர்ஆன் வசனத்தையே அச்சடித்துத் தருவார்கள். அந்தத் தாள் தேநீர்க் கோப்பைக்கு அடியிலும் பிறகு குப்பையிலும் கிடக்கும். இரண்டுக்கும் மாற்று, எண் சதுரம்:

4 9 2
3 5 7
8 1 6

எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. மூலைகளில் இருக்கும் 2, 4, 6, 8 ஆகியவற்றை எழுத்துக்கு ஓர் எண் என்ற அரபு முறைப்படி எழுத்துகளாக மாற்றினால் ‘புதூஹ்’ என்ற காப்புச்சொல் வரும். இடது கீழ்மூலையின் நான்கு எண்களைக் கூட்டினால் 17, பொருள்களின் இயல்பை எண்ணால் அளக்கும் ஜாபிர் நூல்களின் தராசுக் கணக்குக்கு அடிப்படையான எண். ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் செதுக்கிய தகட்டைக் கொடுங்கள். அது ஏன் காக்கவில்லை என்பதை விளையாடுபவர் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். முத்திரை மோதிரமாக இருந்தால் கல்லில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்க வேண்டும், இல்லையேல் மெழுகில் இடவலம் மாறி விழும்.

தகடு செதுக்கும் நேரத்தைக் கணிக்க அஸ்துர்லாப் வேண்டும், அதாவது சூரியன், விண்மீன்களின் உயரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் கருவி. அதை எங்கும் செல்லும் கருவியாக்காதீர்கள். அதன் தட்டு ஓர் அட்சரேகைக்கே பொருந்தும். பாக்தாதின் 33 டிகிரித் தட்டோடு 40 டிகிரியை ஒட்டிய சமர்கந்துக்குப் போனால் கணிக்கும் நேரம் பிசகும்.

கடைசியாக, பையிலுள்ள எல்லாமே உண்மையான மாயப்பொருளாக இருக்க வேண்டியதில்லை. ரசவாத மோசடிகளை 13ஆம் நூற்றாண்டில் அம்பலப்படுத்திய அல்-ஜவ்பரீ, தங்க அரத்தூளை வேறு சரக்கோடு பிசைந்து உருண்டையாக்கி, கிழக்கு ஈரானை ஒட்டிய குராசானின் மருந்து என்று ஒரு கடைக்காரரிடம் முன்பே விற்றுவைத்த எத்தன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படி ஐந்து உருண்டைகளைக் கேமில் வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தீனார் எடை, அதாவது 4.25 கிராம் தங்கம். மாயம் இருக்கிறதா என்று சோதித்தால் ஒன்றும் தெரியாது. மூசையில் போட்டால் தங்கம் வரும், ஐந்து முறையும் வரும். ஆறாவது வேண்டுமா? குராசானுக்குப் போய்வர வழிச்செலவு எவ்வளவு ஆகும் என்று அந்த எத்தனே சொல்லுவான்.