நம்பையில் பிராட்காஸ்டிங்: வடிவம் வேறான அணிகளைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

பைத்தானில் எண் அணிகளைக் கையாளும் நூலகமான நம்பையைப் பழகத் தொடங்கியவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பிழைச் செய்தி ‘ஆப்பரண்ட்ஸ் குட் நாட் பி பிராட்காஸ்ட் டுகெதர்’. வடிவம் வேறான அணிகளை ஒரே அளவுக்கு நீட்டிக் கணக்குப் போடுவதே பிராட்காஸ்டிங்; இரண்டு அணிகளின் வடிவம் அதற்குப் பொருந்தவில்லை என்று பொருள். இந்தச் செய்தி வந்தால் நல்லதே, தவறு உடனே தெரிந்துவிடும். செய்தி வராமல் தப்பான விடை வருவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘என்பி’ என்பது நம்பையின் சுருக்கப் பெயர்.

படி 1: அணியை உருவாக்குங்கள்

மார்க் = என்பி.அரே([[80, 70, 90], [60, 50, 70], [90, 95, 85], [40, 65, 75]])

நான்கு மாணவர்கள், மூன்று பாடங்கள். மார்க்.ஷேப் என்று கேட்டால் (4, 3) என்று வரும்.

படி 2: விதியைக் கையால் போட்டுப் பாருங்கள்

இரண்டு வடிவங்களையும் வலது ஓரம் நேராக இருக்கும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலமிருந்து இடமாக ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிடுங்கள். இரண்டு எண்களும் சமமாக இருக்கலாம், அல்லது ஒன்று 1 ஆக இருக்கலாம். இடப்பக்கம் எண் தீர்ந்துபோனால் அங்கே 1 இருப்பதாகக் கொள்ளுங்கள். 1 உள்ள பக்கம் மற்றதன் அளவுக்கு நீளும்.

(5, 1, 4), (3, 1) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 4-உம் 1-உம்: 4. அடுத்து 1-உம் 3-உம்: 3. பிறகு 5, எதிரில் ஒன்றுமில்லை: 5. பொது வடிவம் (5, 3, 4). சரிபார்க்க என்பி.பிராட்காஸ்ட்_ஷேப்ஸ்((5, 1, 4), (3, 1)) என்று கேட்கலாம். இது நம்பை 1.20 முதல் உண்டு.

படி 3: பாடவாரியான சராசரியைக் கழியுங்கள்

பாடம் = மார்க்.மீன்(ஆக்ஸிஸ்=0)

மீன் என்றால் சராசரி; ஆக்ஸிஸ்=0 என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் மேலிருந்து கீழாக. விடை 67.5, 70, 80, வடிவம் (3,). மார்க் - பாடம் போட்டால் 3-க்கு 3 பொருந்துகிறது, முதல் மாணவருக்கு 12.5, 0, 10 வருகிறது.

படி 4: மாணவர்வாரியான சராசரி

ஆக்ஸிஸ்=1 என்றால் ஒவ்வொரு மாணவருக்கும் இடமிருந்து வலமாக. மார்க்.மீன்(ஆக்ஸிஸ்=1) தருவது 80, 60, 90, 60; வடிவம் (4,). இதைக் கழித்தால் மேலே சொன்ன பிழை வரும், ஏனென்றால் வலது ஓரத்தில் 3-உம் 4-உம் மோதுகின்றன. தீர்வு:

ஆள் = மார்க்.மீன்(ஆக்ஸிஸ்=1, கீப்டிம்ஸ்=ட்ரூ)

கீப்டிம்ஸ் போட்டால் சராசரி எடுத்த பக்கம் மறையாமல் 1 ஆக நிற்கும், அதனால் இப்போது வடிவம் (4, 1). முதல் மாணவருக்கு 0, -10, 10 என்று சரியாக வரும். கையில் ஏற்கெனவே (4,) அணி இருந்தால் அதற்கு [:, என்பி.நியூஆக்ஸிஸ்] சேர்த்தாலும் (4, 1) ஆகிவிடும்.

சத்தமில்லாமல் வரும் தவறு

முதல் மூன்று மாணவர்களை மட்டும் எடுத்து, கீப்டிம்ஸ் போடாமல் கழித்துப் பாருங்கள். (3, 3)-உம் (3,)-உம் விதிப்படி பொருந்துவதால் பிழையே வராது. ஆனால் மாணவர்களின் சராசரி பாடங்களின் மேல் போய் உட்காரும்: முதல் மாணவருக்கு 0, -10, 10 வர வேண்டிய இடத்தில் 0, 10, 0. சதுர அணியை வைத்துச் சோதிக்காதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்று, மெஷின் லேர்னிங் பழகுபவர்களுக்கு. உண்மை மதிப்புகள் (20000,), கணிப்புகள் (20000, 1) என்று இருந்து இரண்டையும் கழித்தால் விடை (20000, 20000) ஆகும். 40 கோடி எண்கள், ஃப்ளோட்64-இல் (ஒரு எண்ணுக்கு 8 பைட்) 3.2 ஜிபி. மெமரி போதாமல் நின்றால் தப்பித்தீர்கள். நிற்காவிட்டால் அந்த வித்தியாசங்களிலிருந்து எடுத்த சராசரியை இழப்பு (லாஸ், அதாவது கணிப்பு எவ்வளவு தவறியது என்ற அளவு) என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். கழிக்கும் முன் இரண்டின் ஷேப்பையும் அச்சிட்டுப் பாருங்கள்.

படி 5: வடிவத்தை நீங்களே நீட்ட

பெரிது = என்பி.பிராட்காஸ்ட்_டு(பாடம், (4, 3))

நான்கு நிரைகள் தெரிந்தாலும் மெமரியில் இருப்பவை அதே மூன்று எண்கள்தான். பெரிது.ஸ்ட்ரைட்ஸ் கேட்டால் (0, 8) வரும்: அடுத்த நிரைக்குப் போக 0 பைட், அதாவது நகர்வதே இல்லை. அதனால்தான் இதில் எழுத நம்பை விடாது. எழுத வேண்டுமென்றால் பெரிது.காப்பி() எடுத்துக்கொண்டு அதில் எழுதுங்கள். இரண்டு அணிகளையும் ஒரே நேரத்தில் பொது வடிவத்துக்குக் கொண்டுவர என்பி.பிராட்காஸ்ட்_அரேஸ் இருக்கிறது.

+= போடும்போது மட்டும் கவனம்: இடப்பக்க அணி நீளாது. (4, 3) அணியோடு (3,) அணியைக் கூட்டி அதிலேயே வைக்கலாம். (3,) அணிக்குள் (4, 3) அணியைக் கூட்டி வைக்கப் பார்த்தால் பிழை வரும்.