பழைய காரின் போனெட் அப்சோபரை மாற்றும் முறை

மத்தியானம் ஒழுங்காக நிற்கும் போனெட் விடியற்காலையில் மட்டும் மெல்ல இறங்கினால், அப்சோபர், அதாவது போனெட்டைத் தூக்கி நிறுத்தும் வாயுக் குழாய், முடியப்போகிறது என்று அர்த்தம். குழாய்க்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். 10 டிகிரி சூடு ஏறினால் அதன் விசை சுமார் 3.4 விழுக்காடு கூடும். எஞ்சின் சூட்டில் தேறுவது காலைக் குளிரில் தோற்பது இதனால்தான். சோதிப்பதானால் எஞ்சின் ஆறியபின் சோதியுங்கள். அதற்கு முன் கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள். இறுகிய கீலுக்காக நல்ல அப்சோபரைத் தூக்கி எறிபவர்களும் உண்டு.

சாகா, வீரா, மைவி போன்ற மலேசியக் கார்கள் வைத்திருப்பவர்கள் போனெட்டில் இதைத் தேட வேண்டாம். அங்கே தாங்குகம்பி மட்டும்தான். மைவியில் அப்சோபர் இருப்பது பின்கதவில். மாற்றும் முறை இதேதான். போனெட்டிலேயே வருவது பி.எம்.டபிள்யூ. இ46 போன்ற கார்களில்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் அப்சோபர் சீக்கிரம் கெடுவதற்குத் தோட்டத்துச் செம்மண் சாலையும் ஒரு காரணம். குழாயிலிருந்து நீளும் பளபளப்பான தண்டில் படியும் தூசு, ஒவ்வொரு தடவை மூடும்போதும் குழாய் வாயிலுள்ள சீலை அராவுகிறது. சீல் தேய்ந்தால் வாயு கசியும், தண்டில் எண்ணெய் ஈரம் தெரியும். தண்டை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். கிரீஸ் பூசினால் தூசு இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

வாங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீளம் ஒத்துப்போனால் சரி என்று எடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது விசை: குழாயில் 320 போல ஓர் எண்ணும் நியூட்டன் குறியும் அச்சிட்டிருக்கும்; 10 நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ. இரண்டாவது, முழுசாக நீண்டிருக்கும்போது ஒரு முனைக் குழியின் நடுவிலிருந்து மறு முனைக் குழியின் நடுவரை உள்ள நீளம். மூன்றாவது, தண்டு உள்ளே போகும் தூரம். இதை அளக்க, போனெட்டை முழுசாகத் தூக்கிப் பிடித்து, தண்டில் குழாய் வாயை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை, தானாக வழுக்காமல் தள்ளினால் மட்டும் நகரும்படி மாட்டுங்கள். மூடித் திறந்தால் குழாய் அதைத் தள்ளி வைத்திருக்கும். வாயிலிருந்து டை வரை உள்ள தூரமே தேவையான ஓட்டம். புதியதில் அதைவிட 5 முதல் 10 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் பூட்டு விழும் முன்பே தண்டு முட்டி, போனெட் தகடு வளையும் அல்லது அப்சோபரை மாட்டும் ஆணி பதித்த பட்டை பிய்ந்து வரும். விசை கூடினாலும் நல்லதல்ல: கீல் ஓரம் மேலே எழும்பி, ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) போனெட்டுக்கும் உள்ள இடைவெளி கோணலாகும். ‘கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று கடையில் கேட்காதீர்கள்.

ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் போனெட் முறுக்கிக்கொண்டு ஏறும். பழைய கார்களைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கும் பொட்டோங் கடையில் கிடைக்கும் பழையதற்குக் காசு கொடுப்பது வீண். அதன் சீலுக்கும் அதே வயது.

கழற்றும் முன் போனெட்டைத் தாங்க வழி செய்யுங்கள். துடைப்பக் கட்டை வழுக்கும். 2 அங்குலச் சதுர மரக்கட்டையின் நுனியில் துணி சுற்றி, போனெட் உட்புறச் சட்டத்தின் தடித்த பகுதியில் முட்டுக் கொடுங்கள். வெறும் தகட்டில் வைத்தால் வெளியே மேடு தெரியும். கூடவே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம்.

அப்சோபரின் முனையில் இருக்கும் இரும்புக் கிளிப்பைச் சின்னத் தட்டை ஸ்குரூ டிரைவரால் 3, 4 மில்லிமீட்டர் நெம்பினால் போதும். முழுசாக உருவினால் துள்ளி எஞ்சினுக்கு அடியில் போய்விடும். நெம்பியபடியே குழியை உருண்டை ஆணியிலிருந்து நேராக இழுங்கள். துரு பிடித்திருந்தால் முதல் நாளே எண்ணெய் அடித்து வையுங்கள். ஆணியைத் துடைத்து, தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் அதையும் மாற்றி, உருண்டையில் மட்டும் பட்டாணி அளவு கிரீஸ் தடவுங்கள்.

புதியதை மாட்டும்போது, போனெட் மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்ச எண்ணெய் அப்போதுதான் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் வேறு மாதிரி பூட்டியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ‘டிக்’ சத்தம் கேட்கும்வரை உள்ளங்கையால் தள்ளி, பிறகு இழுத்துப் பாருங்கள். தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும் சீல் போய்விடும்.

முதல் தடவை மூடும்போது விட்டு விழ வைக்காமல், இரண்டு கையாலும் மெல்ல இறக்கிக்கொண்டே எங்காவது உரசுகிறதா என்று கவனியுங்கள். இறக்கும்போது கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும், அது சகஜம். முரட்டு எதிர்ப்பு என்றால் அழுத்தாதீர்கள். ஓட்டத்தை மறுபடி அளங்கள்.

பழையதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். 8 மில்லிமீட்டர் தண்டில் 300 நியூட்டன் என்றால் உள்ளே சுமார் 60 பார் அழுத்தம். டயரில் இருப்பது 2 சொச்சம்தான். வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் குழியில் போட்டால் வெடிக்கும். பழைய இரும்பு வாங்குபவரிடம், உள்ளே வாயு இருக்கிறது என்று சொல்லியே கொடுங்கள்.