மத்தியா, மாநிலமா? கூட்டாட்சி நாட்டில் ஒரு கொள்கைச் சிக்கலைப் பிரித்துப் படிப்பது எப்படி

பாலம் பாதியில் நிற்கிறது, அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை, வெள்ளம் வரும் முன் எச்சரிக்கை வரவில்லை. மாநிலத்தைக் கேட்டால் மத்திய அரசு பணம் தரவில்லை என்கிறார்கள், மத்திய அரசைக் கேட்டால் அது மாநிலத்தின் பொறுப்பு என்கிறார்கள். கூட்டாட்சி நடக்கிற எந்த நாட்டுச் செய்தித்தாளைப் பிரித்தாலும் இது இருக்கும். இதில் கஷ்டம் என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் பல நேரம் உண்மையாகவே இருக்கும். அதனால் "யார் பொய் சொல்கிறார்கள்?" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம்.

அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விஷயத்தில் சட்டம் போடும் அதிகாரம் யாரிடம்? பணம் யாருடைய கஜானாவிலிருந்து வருகிறது? களத்தில் இறங்கி வேலை செய்பவர் யாருடைய ஊழியர்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அது சாதாரண நிர்வாகப் பிரச்சினை, அந்த ஒருவரையே பிடிக்கலாம். பதில்கள் வேறு வேறாக வந்தால் பிரச்சினை அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான்.

முதலில் பிரச்சினையைச் சின்னதாக்குங்கள்

"கல்வி" ஒரு பிரச்சினை இல்லை, அது ஒரு துறை. "சுகாதாரம்" என்றாலும் அப்படித்தான். யாரோ ஒருவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு என்கிற அளவுக்கு அதைச் சுருக்க வேண்டும். உதாரணமாக, "அரசுப் பள்ளியில் வைஃபையும் கணினியும் யார் காசில் வாங்குவது?"

ஜெர்மனியில் இந்தக் கேள்விக்கே அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அங்கே பள்ளிக்கூடம் மாநிலங்களின் உரிமை. மத்திய அரசிடம் 500 கோடி யூரோ தயாராக இருந்தும், அதைப் பள்ளிகளின் டிஜிட்டல் வசதிக்கு அப்படியே கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. திருத்தம் மாநிலங்களின் அவையான புண்டெஸ்ராட்டுக்குப் போனபோது, பணம் வேண்டாம் என்பதால் இல்லை, பணத்தோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளுக்குப் பயந்து மாநிலங்கள் அதைத் திருப்பி அனுப்பின. சமரசக் குழுவில் பேசி முடித்து, 2019 மார்ச்சில்தான் ஒப்புதல் கிடைத்தது. அப்புறமும் பணம் ஓடவில்லை. பள்ளி ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டும், பள்ளிக் கட்டடத்துக்குப் பொறுப்பான உள்ளாட்சி மாநிலத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், மாநிலம் அதைப் பரிசீலிக்க வேண்டும். 2020 வசந்த காலத்தில் கொரோனாவால் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்த 500 கோடியில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது.

"ஜெர்மனியில் கல்வித்துறை பின்தங்கிவிட்டது" என்று எழுதியிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது. கேள்வியைச் சுருக்கியதால்தான் பணம் எந்தப் படியில் நின்றது என்று தெரிகிறது.

அதிகாரப் பட்டியலைப் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்

எல்லாக் கூட்டாட்சி நாடுகளிலும் யாருக்கு எது என்று எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். இந்தியாவில் ஏழாவது அட்டவணை, கனடாவில் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகள், ஆஸ்திரேலியாவில் 51ஆம் பிரிவு. அதைத் தேடிப் படிக்க அரை மணி நேரம் போதும். படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று கவனியுங்கள்.

ஒன்று, பட்டியலில் இல்லாத புது விஷயம் வந்தால் அது யாருக்கு? இதை எஞ்சிய அதிகாரம் என்பார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது மாநிலங்களுக்கு, இந்தியாவிலும் கனடாவிலும் மத்திய அரசுக்கு. அரசியலமைப்பை எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத விஷயங்களில் இதுதான் பெரிய வேறுபாடு.

இரண்டு, இருவருக்கும் பொதுவான பட்டியலில் மோதல் வந்தால் யார் சட்டம் நிற்கும்? இந்தியாவில் பொதுவாக நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும், ஆனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லும். ஜெர்மனியில் 2006 சீர்திருத்தத்துக்குப் பிறகு, இயற்கைப் பாதுகாப்பு போன்ற சில துறைகளில் மாநிலம் மத்தியச் சட்டத்திலிருந்து விலகித் தன் சட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம், கடைசியாக வந்த சட்டம் எதுவோ அது நிற்கும். "பொதுப்பட்டியல்" என்கிற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

மூன்று, அந்த வரி எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது? இந்தியாவில் கல்வி தொடக்கத்திலிருந்தே பொதுப்பட்டியலில் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1976இல், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, 42ஆவது திருத்தம்தான் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்து அங்கே வைத்தது. இது தெரியாமல் இன்றைய கல்விச் சண்டைகளைப் பற்றிப் பேசினால் பாதிக் கதையைத்தான் பேசுவோம்.

பட்டியலில் தெளிவு இல்லாத இடங்களில் நீதிமன்றத் தீர்ப்பைப் பாருங்கள். எரிபொருள் புகைக்கு விலை வைக்கும் கார்பன் வரி விஷயத்தில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2021இல் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது, ஆனால் ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் முழுவதுமாகவோ பகுதியாகவோ மாறுபட்டார்கள். அவர்கள் எழுதியதையும் படியுங்கள் என்பது என் ஆலோசனை. மாநிலங்களின் பயம் என்ன என்று அங்கேதான் நேராகச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது பணம்

எனக்கு நேரம் ஒரு மணிதான் இருக்கிறது என்றால் நாற்பது நிமிடத்தை இதற்குத்தான் கொடுப்பேன், ஏனென்றால் அதிகாரம் காகிதத்தில் ஒரு பக்கம் இருந்தாலும் பணம் அதை அசைத்துவிடும்.

அமெரிக்காவில் மது குடிக்கும் வயதை முடிவு செய்வது மாநிலங்களின் வேலை. மத்திய அரசு அதைத் தொடவில்லை. 1984இல் ஒரு சட்டம் போட்டது, அவ்வளவுதான்: 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மது வாங்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு சிறு பங்கு பிடித்தம். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது, 1987இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் இந்தச் சட்டம் செல்லும் என்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. அதே நீதிமன்றம் 2012இல் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் விஷயத்தில் வேறு மாதிரி சொன்னது. திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் மெடிக்கெய்ட் நிதி முழுவதையும் நிறுத்துவோம் என்பது வற்புறுத்தல், அது கூடாது என்று. ஆக, நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, மறுத்தால் எவ்வளவு இழப்பு என்றும் பார்க்க வேண்டும்.

பணத்தைப் படிக்கும்போது இந்தச் சந்தேகங்களை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்: இது மாநிலம் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பணமா, இன்னதுக்குத்தான் என்று கட்டிவிட்ட பணமா? திட்டம் எத்தனை ஆண்டு, அதற்குப் பிறகு வேலைக்கு எடுத்த செவிலியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பகிர்ந்துகொள்ளும் தொகுப்புக்குள் எந்த வரி வருகிறது, எது வெளியே நிற்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் மத்திய வரியைப் பகிர்வது எப்படி என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று சொன்னால் அது மத்திய அரசு வசூலிக்கும் எல்லாப் பணத்திலும் 41 இல்லை. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வரிக்கு மேல் கூடுதலாக வசூலிப்பது அந்தத் தொகுப்பிலேயே சேராது. சதவீதத்தை மாற்றாமலே மாநிலங்களின் உண்மையான பங்கைக் குறைக்க முடியும் என்பது இதனால்தான்.

அப்புறம் பணக்கார மாநிலம், ஏழை மாநிலம் என்ற சண்டை. நாங்கள் கட்டும் வரியில் எங்களுக்கு இவ்வளவுதான் திரும்பி வருகிறது என்ற குரல் எங்கும் கேட்கும். இதைப் படிக்க மேற்கு ஆஸ்திரேலியாவை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1933இல், பொருளாதார மந்தத்தில் நொந்து போயிருந்த அந்த மாநிலம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நாட்டிலிருந்தே பிரிந்து போக வேண்டும் என்றது. பிரிவினை நடக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் மாநிலங்களுக்கிடையே நிதியைச் சமன் செய்ய ஒரு மானிய ஆணையம் வந்தது. எண்பது ஆண்டுகள் கழித்துச் சுரங்கத் தொழிலில் அதே மாநிலம் செழித்தபோது, அதே சமன்பாட்டின்படி அதன் ஜிஎஸ்டி பங்கு, மக்கள் தொகைப்படி கிடைக்க வேண்டிய ஒரு டாலருக்கு 30 சென்ட் என்று இறங்கியது. பெரிய எதிர்ப்பு எழுந்தது, 2018இல் குறைந்தபட்ச வரம்பு வைத்துச் சட்டத்தை மாற்றினார்கள். ஒரு மாநிலத்தின் புகாரை இன்றைய எண்ணை மட்டும் வைத்து எடை போட வேண்டாம், ஐம்பது ஆண்டுக் கணக்கைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

களத்தில் யார் கை

மறுபடி ஜெர்மனி. 2021 ஜூலை 14 இரவு, நாட்டின் மேற்கே ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் வெள்ளம். நாடு முழுவதும் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த ஒரே பள்ளத்தாக்கில். வானிலையைக் கணிப்பது மத்திய அமைப்பு, கனமழை எச்சரிக்கை வந்திருந்தது. பேரிடர் மேலாண்மை மாநிலங்களின் சட்டம். வெளியேறுங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டியது மாவட்ட நிர்வாகம். எச்சரிக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், கடைசியில் படுக்கையில் இருப்பவரின் காதுக்குப் போக வேண்டும். எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் வசதி அப்போது அங்கே இல்லை, செயலியைத் தரவிறக்கியவர்களுக்குத்தான் வரும். அதற்கு முந்தைய செப்டம்பரில் நடத்திய நாடு தழுவிய எச்சரிக்கை ஒத்திகையே சொதப்பியிருந்தது. 2023 பிப்ரவரியில்தான் கைபேசி வசதி வந்தது.

இந்த மாதிரி விஷயத்தில் காகிதம் எடுத்து, தகவல் கிளம்பிய இடத்திலிருந்து கடைசி மனிதர் வரைக்கும் ஒவ்வொரு கையையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவருக்கு மேலதிகாரி யார் என்று எழுதுங்கள். மேலதிகாரி மாறும் இடங்களுக்கு வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

எல்லை தாண்டும் விஷயங்கள்

ஆறு, ரயில், மின்சாரம், வேலை தேடிப் போகும் மனிதர்கள், இவை எதுவும் மாநில எல்லையில் நிற்காது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ஒரு அகலத்தில் தண்டவாளம் போட்டது, விக்டோரியா வேறு அகலத்தில் போட்டது. சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர்கள் எல்லையில் உள்ள ஆல்பரியில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும், 1962 வரைக்கும் இதே கதைதான். கனடாவில் 2012இல் ஒருவர் கியூபெக்கில் விலை குறைவு என்று பியர் வாங்கிக்கொண்டு பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது மடக்கி அபராதம் போட்டார்கள், 292 டாலர் 50 சென்ட். ஒரே நாட்டுக்குள்! உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் அந்தத் தடை செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது.

ஆற்றுத் தகராறு என்றால் பங்கீட்டு எண்ணைப் பார்ப்பதற்கு முன், அந்த எண் எந்த ஆண்டுகளின் நீரோட்டத்தை வைத்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை மாநிலங்களுக்கிடையே 1922இல் பங்கு போட்டபோது கையில் இருந்த கணக்கு வழக்கத்துக்கு மீறிய மழை ஆண்டுகளின் கணக்கு. இல்லாத தண்ணீரைச் சட்டம் போட்டுப் பிரித்துக் கொடுத்தார்கள், நூறு ஆண்டுக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை.

இடம்பெயரும் மனிதர்கள் விஷயத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லை தாண்டினால் உரிமையும் கூட வருகிறதா? இந்தியாவில் 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பலரின் ரேஷன் அட்டை சொந்த ஊர்க் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் நிலையில் இருந்தது, உணவு தேவைப்பட்டது வேறு மாநிலத்தில். நாடு முழுவதும் எங்கும் வாங்கலாம் என்ற ஏற்பாடு எல்லா மாநிலங்களிலும் வந்து முடிந்தது 2022இல்.

எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்?

கடைசியாக, மத்தியும் மாநிலமும் சந்திக்கும் மன்றம் எது, அங்கே ஓட்டுக் கணக்கு என்ன என்று பாருங்கள். இந்திய ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். நீங்களே போட்டுப் பாருங்கள்: மத்திய அரசு தனியாகவே எதையும் தடுக்கலாம். சட்டமன்றம் உள்ள 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களும் வந்து வாக்களித்தால், தடுப்பதற்கு அவற்றில் 12 சேர வேண்டும். மூன்றில் இரண்டு என்று கேட்கும்போது மாநிலங்களின் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றும், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. இருந்தாலும் அந்த மன்றத்தில் பெரும்பாலும் பேசியே முடிவெடுத்திருக்கிறார்கள், முதல்முறையாக ஓட்டெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரி வரிக்காக.

சரி, இப்போது நீங்கள் கவலைப்படும் அந்த ஒரு பிரச்சினையை எடுங்கள். காகிதத்தில் மூன்று பத்தி: சட்டம், பணம், கை. ஒவ்வொன்றிலும் அரசு என்று எழுதாமல் துறையின் பெயரை, முடிந்தால் பதவியின் பெயரை எழுதுங்கள். பிறகு மூவருக்கும் தனித்தனிக் கடிதம். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு வரும் பதில் இன்னொருவரைக் கைகாட்டும். "உங்கள் பங்கு வேலை எந்தத் தேதியில் முடிந்தது, அடுத்தவருக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பதில்களும் வந்ததும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் அனுப்பியதாகச் சொல்லும் தேதிக்கும் அடுத்தவர் பெற்றதாகச் சொல்லும் தேதிக்கும் நடுவில் எத்தனை மாதம் இருக்கிறதோ, அடுத்த கடிதம் அதைப் பற்றியது.