வெள்ளைப் புள்ளி மறைந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள்: ரீஃப் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கடல்நீர் ரீஃப் தொட்டி, அதாவது பவளங்களும் மீன்களும் சேர்ந்து வாழும் தொட்டி, வைக்கத் தொடங்குகிறவர்கள், எங்களைப் போல் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்கள் இடறி விழுந்த அதே இடங்களில்தான் இன்றும் இடறி விழுகிறார்கள். தொட்டி முதிர்வதற்குள் மீன் வாங்குவது, அளவுக்கு மீறி உணவிடுவது, ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக உப்பு நீரையே ஊற்றுவது ஆகியவற்றைக் கடைக்காரரே முதல் நாளில் எச்சரித்துவிடுவார் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நன்கு படித்து, கவனமாகத் தொடங்கியவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

கடற்கரையிலிருந்து நீர் கொண்டு வருவது

சென்னையில் கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு வாங்கிக் கரைப்பானேன் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. கூவமும் அடையாறும் கலக்கிற கரையில் மொண்டெடுக்கும் நீரில் என்னென்ன இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை; அதோடு, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரையோர நீரின் உப்புத்தன்மையும் வெகுவாக இறங்கிவிடும். கேன் தண்ணீரும் ஆகாது. குடிப்பதற்காகச் சுத்திகரித்த நீரில் கரைந்த உப்புகள் எஞ்சியே இருக்கும் என்பதை, அவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அதில் அமிழ்த்தினால் நீங்களே காணலாம். மீட்டர் சுழியம் காட்டுகிற ஆர்.ஓ.டி.ஐ. (நுண்சவ்வாலும் அயனி நீக்கும் பிசினாலும் வடித்த) நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது அடர்த்தி எண் 1.026 அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய மீனை நேரே பெரிய தொட்டியில் இறக்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இதனால் ஏற்படும் இழப்பு பெரிது என்பது ஒரு காரணம். தவறு நடந்த பிறகும், நோய் தானாகவே குணமாகிவிட்டதுபோல் ஒரு பொய்த்தோற்றம் காட்டி, செய்தவரைச் சில நாட்கள் மகிழ வைப்பது இன்னொரு காரணம்.

அண்ணா நகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் 400 லிட்டர் தொட்டி வைத்திருந்தார். சோவாந்தஸ் என்ற பவள வகையும் மஷ்ரூம் பவளங்களும் பாறையை மூடிப் படர்ந்து, ஒரு ஜோடி கிளவுன் மீன்கள் முட்டையிடத் தொடங்கியிருந்த நல்ல தொட்டி அது. கடையில் பார்த்த பவுடர் ப்ளூ டாங் என்ற நீல மீன் ஒன்றின் நிறத்தில் மயங்கி, அதை வாங்கி வந்த மாலையே தொட்டியில் விட்டார். வெள்ளைப் புள்ளி நோய்க்கு எளிதில் இலக்காகும் இனங்களில் அது முதன்மையானது. சில நாட்களில் அதன் துடுப்புகளில் உப்பு தூவினாற்போல் புள்ளிகள் தென்பட்டன. பாறையில் பக்கவாட்டாக உரசிவிட்டு விலகுவதும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே நின்று செவுளை வேகமாக அசைப்பதுமாக இருந்தது. கடையில் கேட்டபோது பூண்டுச் சாறில் ஊறவைத்த உணவைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். புள்ளிகள் மறைந்தன. பூண்டின் மகிமையைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

மறைந்ததற்கும் பூண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை தின்று வளர்ந்துவிட்டு, தன் காலம் முடிந்ததும், பெரும்பாலும் இருட்டு வேளையில், தானாகவே உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்தது மணலிலோ பாறையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கடினமான கூடு கட்டி, அதனுள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. பெரும்பாலான கூடுகள் 3 முதல் 28 நாட்களுக்குள் வெடிக்கின்றன. ஆய்வகத்தில் 72 நாட்கள் வரை உயிரோடு காத்திருந்த கூடுகளும் உண்டு. வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டடையாவிட்டால் மடிந்துவிடும். தொட்டிக்குள் மீனுக்கு என்ன பஞ்சம்? குஞ்சுகள் வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில்தான். அந்நேரம் மீன்கள் பாறை இடுக்குகளில் அசையாமல் உறங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே, அந்த மகிழ்ச்சிச் செய்தி வந்த நாட்களில் அவருடைய மணலுக்குள் அடுத்த படை தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை புள்ளிகள் டாங்கில் மட்டும் வரவில்லை. கிளவுன் மீன்கள் உட்பட எல்லா மீன்களிலும் வந்தன. டாங் முதலில் போனது. மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் அவற்றைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். பவளங்கள் ஒட்டியிருக்கும் பாறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளிகளில் அடுக்காமல் ரீஃப் தொட்டியில் மீனைப் பிடிக்க முடியாது. நள்ளிரவு தாண்டி அவர் வீட்டு வரவேற்பறையில் நீர் கலங்கி, சோவாந்தஸ் எல்லாம் சுருங்கி மூடிக்கொண்டு, கடைசி டாம்செல் மீன் மட்டும் மூலையில் அகப்படாமல் ஓடிக்கொண்டிருந்த காட்சியை நான் மறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அடுக்கி வளர்த்த பாறை அமைப்பு அன்றோடு போயிற்று.

இந்த நிலையில் கடைகளில் 'ரீஃபுக்குப் பாதுகாப்பானது' என்ற பெயரில் விற்கிற மருந்துகளை நம்பாதீர்கள். இந்த ஒட்டுண்ணியை உறுதியாகக் கொல்லும் செம்பு மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும்; அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் மெல்லக் கசியவிடும். யு.வி. விளக்கு, தன் வழியாகச் செல்லும் குஞ்சுகளை மட்டும் குறைக்கும். கிளீனர் இறால் தோலுக்கு அடியில் இருப்பதைத் தோண்டி எடுக்காது. மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுத்து, பவளங்கள் இருக்கும் தொட்டியை 76 நாட்கள் ஒரு மீன்கூட இல்லாமல் விட்டுவைப்பதே வழி. அந்த இரண்டரை மாதத்தில் 'ஒரே ஒரு சின்ன கோபி மீன்தானே' என்று விட்டால், எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்கத் தேவைப்படுவது, புதிய மீனைத் தனிமைப்படுத்தி வைக்க ஒரு 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள சில பிவிசி குழாய்த் துண்டுகள், பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதனோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) சில வாரங்கள் முன்கூட்டியே போட்டுப் பாக்டீரியா படியவைத்த ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மணலும் பாறையும் கூடாது. அவை மருந்தை உறிஞ்சும். செலவு அந்த டாங்கின் விலையைக்கூட எட்டாது. புதிய மீன் எதுவானாலும் குறைந்தது நான்கு வாரம் இந்தத் தனிமைத் தொட்டியில் இருந்து, நன்றாகத் தின்று, நோய்க்குறி ஏதுமின்றித் தேறிய பிறகே பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். செம்பு கொடுப்பதானால், வாங்கிய மருந்தின் வகைக்கு உரிய அளவை அதன் சீட்டில் பார்த்து, நாள்தோறும் சோதித்துக் காக்க வேண்டும். ஒரு வகைக்குச் சரியான அளவு மற்றொரு வகையில் மீனைக் கொன்றுவிடும். அமோனியாவை அடக்குவதற்காக விற்கும் சில திரவங்கள் செம்போடு சேரும்போது அதன் நச்சை மிகுவித்துவிடும் என்பதால், அமோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள், திரவத்தைத் தொடாதீர்கள். மருந்தே வேண்டாம் என்பவர்கள் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முற்றிலும் உலர்த்திய புதிய தொட்டிக்கு மாற்றும் முறையைக் கையாளலாம்: நான்கு முறை மாற்றினால், உதிர்ந்த ஒட்டுண்ணி கூடு வெடிப்பதற்குள் மீன் இடம் பெயர்ந்துவிடும். நுண்தூசி படிந்ததுபோல் உடல் மங்கி, சில நாட்களிலேயே கொல்லும் வெல்வெட் நோய்க்கு இம்முறை பயன்படாது; அதற்குச் செம்பு வேண்டும்.

'இது குஞ்சகத்தில் பிறந்த மீன், நோய் இருக்காது' என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தினர் கிளவுன் மீன்களை இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்காத மீன் என்பது மிக நல்ல செய்தி. ஆனால் கடைகளில் பல தொட்டிகள் ஒரே சம்ப்போடு இணைந்திருக்கின்றன. குஞ்சகத்திலிருந்து சுத்தமாக வந்த மீனும், அடுத்த தொட்டியில் நேற்று இறங்கிய டாங்கும் ஒரே நீரில்தான் இருக்கின்றன. நத்தையின் ஓட்டிலும், பவளம் ஒட்டியிருக்கும் சிறு கல்லிலும்கூட அந்தக் கூடு ஒட்டி வரக்கூடும்.

நெடுந்தொலைவு வந்த மீனைச் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது

மீன் வந்த பையின் நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்குவது, பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்குச் சரி. விமானத்தில் ஒரு நாள் முழுவதும் பையில் கிடந்து வந்த மீனுக்குத் தவறு. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருக்கும், அந்த நிலையில் அமோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியம் நச்சு அமோனியாவாக மாறுகிறது. குழாய் வழியே சொட்டு விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் மீன் அந்த நச்சில்தான் காத்திருக்கும். பல கடைகள் மீன்களைக் குறைந்த உப்புத்தன்மையில் வைத்திருக்கின்றன என்பதால், அனுப்புகிறவரிடம் அளவைக் கேட்டறிந்து, தனிமைத் தொட்டியின் உப்புத்தன்மையை அதற்கேற்ப முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். பையை மிதக்கவிட்டு வெப்பநிலை ஒத்ததும் திறந்து, மீனை மட்டும் உடனே மாற்றுங்கள். உப்பைப் பின்னர் பல நாட்களில் மெல்ல உயர்த்தலாம்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியமாக்க முனைவது

நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து வருகிறவர்கள் இதில் அளவுகடந்த ஊக்கம் காட்டுகிறார்கள். இரண்டும் சுழியத்தில் நின்றால் பவளம் பட்டினி கிடந்து வெளிறும்; போட்டியில்லாத அந்த வெற்றிடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரி பழுப்புச் சளிபோல், நுனியில் காற்றுக்குமிழிகளோடு, மணலையும் பாறையையும் போர்த்தும். அதன் சில வகைகளைத் தின்ற நத்தைகள் செத்துவிழும். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருந்தால், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைத் தவிர வேறெதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

பி.எச். எண்ணைத் துரத்துவது

ஏ.சி. போட்டு மூடிய அறையில் கரியமில வாயு தேங்குவதால் அது இறங்கத்தான் செய்யும். பி.எச். ஏற்றும் பவுடரை எடுப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத் துண்டு எடுத்து வருவது

எடுக்காதீர்கள். பாறைப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரைக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

பவளம் படர்ந்த பாறையைக் கொதிக்க வைப்பது

தேவையற்ற சோவாந்தஸை ஒழிக்கப் பாறையை வெந்நீரில் போடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அதில் சில இனங்களில் இருக்கும் பாலிடாக்ஸின் ஆவியோடு மூச்சில் கலந்து, வீட்டிலிருந்தோர் எல்லோரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

மின்விசிறியை நம்பி மே மாதத்தை எதிர்கொள்வது

நீர்ப்பரப்பின் மேல் விசிறி சுழன்றால் ஆவியாதலால் வெப்பம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தமாகவே நடக்கும். கோவையில் இருப்பவருக்குப் போதுமான விசிறி சென்னையில் இருப்பவருக்குப் போதாமல் போகலாம். 25 முதல் 27 டிகிரிக்குள் நிறுத்த முடியாவிட்டால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும். மின்தடையில் சில்லர் நிற்பதைவிட நீரோட்டம் நிற்பதே முதலில் கொல்லும், ஏனெனில் வெப்பம் ஏறிய நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரைந்திருக்கும். ஆகவே இன்வெர்ட்டரில் சில்லரை இணைத்து அரை மணி நேரத்தில் பேட்டரியைத் தீர்த்துவிடாமல், சுழல் பம்ப் ஒன்றையும் காற்று பம்ப் ஒன்றையும் மட்டும் அதில் இணைத்துவையுங்கள்.