பாப்பி இலை மஞ்சளானால் முதலில் அடிப்பக்கம் பாருங்கள்

பாப்பிச் செடியில் (கசகசா இனத்துப் பூச்செடி) இலை மஞ்சளாகிச் சுருண்டதும் உரம் போடாதீர்கள். அதிகாலையில், பனி ஈரம் காய்வதற்குள் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. மேலே வெளிர்மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே சாம்பல் நிறப் பூஞ்சணம், தண்டும் கோணலாக இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். வெயில் ஏறிக் காய்ந்துவிட்டால் அந்தப் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாதித்த செடிகளை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அகற்றினேன். கம்போஸ்டில் போடவே கூடாது. இந்த நோயைப் பரப்பும், தடித்த சுவருள்ள நுண்வித்துகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். மீதியை 20 முதல் 30 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்து, காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர் விட்டேன். அதன்பின் வந்த துளிர்கள் சுத்தமாக இருந்தன.

இலையின் மேல்புறம் மாவு தூவியது போல இருந்தால் அது சாம்பல் நோய், வேறு சங்கதி. மொட்டுக் காம்பில் கறுப்பாக மொய்ப்பது அசுவினி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அது அசுவினி இருப்பதற்கு ஓர் அடையாளம்.

நாற்றை இடம் மாற்றியதும் துவண்டால் பெரும்பாலும் ஆணிவேர் அறுந்திருக்கும். விதையை நிலத்திலேயே நேராகத் தூவுவதுதான் நல்லது. பல ஆண்டு வாழும் வகையான ஓரியண்டல் பாப்பி பூத்து முடிந்ததும் கோடையில் இலையெல்லாம் காய்ந்து ஒடுங்கும். அது நோயே இல்லை, தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். வெயில் தணிந்ததும் வேரிலிருந்து மறுபடி தழைக்கும்.