டிஸ்டோப்பியா லவ் நாவல் படிக்கப் போறீங்களா? எதை எடுக்கலாம், எதை பாதியிலேயே மூடி வைக்கலாம்

ஃபோன்ல ஒரு பொண்ணு கண்ணு கலங்கி ஒரு புக்க தூக்கிக் காட்டி "இதப் படிச்சதும் என் வாழ்க்கையே மாறிடுச்சு"ன்னு சொல்லும், நாமளும் உடனே ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடுவோம், வந்து பாத்தா செங்கல் கனத்துல இருக்கும், முதல் 100 பக்கத்துக்கு அரண்மனை, டிராகன், வாயில நுழையாத பேரு, ஹீரோவோட கண்ணு பச்சையா சாம்பலான்னு ஒரே ஆராய்ச்சி, அப்புறம் அது சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரில தூசி புடிச்சுக் கெடக்கும். காசும் போச்சு, படிக்கற ஆசையும் போச்சு. அப்படி ஆகாம இருக்கத்தான் இத எழுதறேன், டிஸ்டோப்பியான்னா கொடுமையான ஆட்சி நடக்கற ஒரு கற்பனை உலகம், அதுக்குள்ள ஒரு லவ். ஸ்கூல்ல ஃபோம் ஃபோர், ஃபோம் ஃபைவ் படிக்கற தங்கச்சிங்க நிறைய பேரு "அக்கா எதுலருந்து ஆரம்பிக்கறது"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி முடியல.

நான் இருக்கறது மலேசியால, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை, ரோட்டு போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும். எந்தப் பக்கம் மோட்டோ ஓட்டினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை தான். இந்த நாட்டுலேயே வியாபாரத்துக்குன்னு முதன்முதலா செம்பனை நட்டது 1917ல எங்க பக்கத்துல இருக்கற தென்னமரம் தோட்டத்துல. அதனால ஒரு நாவல்ல "ஒரு மாவட்டம் முழுக்க ஒரே பொருளுக்கு உழைக்கும், அந்தப் பொருள் வேற யாருக்கோ போகும்"னு வந்தா எங்க ஆளுங்களுக்கு அது கற்பனையாவே தெரியாது லா.

முதல்ல எடுக்க வேண்டியது ஹங்கர் கேம்ஸ். சூசன் காலின்ஸ் எழுதினது, 2008ல முதல் பாகம், அடுத்தடுத்த வருஷம் ஒண்ணு ஒண்ணா 2010ல மூணாவது பாகம் வந்து முடிஞ்சுது. டிவில சேனல் மாத்திக்கிட்டு இருந்தப்போ ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, ஒரு பக்கம் ஈராக் போர், ரெண்டும் மனசுல கலந்து போய்தான் இந்தக் கதை வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. கதை என்னன்னா, 12 மாவட்டத்துலருந்தும் வருஷா வருஷம் குலுக்கல்ல ஒரு பையன், ஒரு பொண்ணு எடுத்து, டிவில எல்லாரும் பாக்க ஒருத்தர ஒருத்தர் கொல்ல விடுவாங்க, ஹீரோயின் காட்னிஸ். நிகழ்காலத்துல, "நான்" சொல்ற மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமா இருக்கும், ஸ்கூல் இங்கிலீஷ் தெரிஞ்சாலே ஓட்டிடலாம். தெரியாத வார்த்தைக்கெல்லாம் நின்னு டிக்ஷனரி பாக்காதீங்க, ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்து தொல்லை பண்ணினா மட்டும் பாருங்க, மத்தது தானா புரியும்.

இந்தக் கதைய பத்தி எல்லாரும் காட்னிஸுக்கு ஜோடி பீட்டாவா கேலான்னு தான் சண்டை போடுவாங்க. நான் சொல்றது, முதல் தடவை படிக்கறப்போ ரூ வர்ற பக்கத்துல வேகத்த குறைங்க. 12 வயசு புள்ள, 11வது மாவட்டம், அதாவது பயிர் பண்ற மாவட்டம். உடம்பு லேசுங்கறதால மரத்து உச்சில ஏத்தி விட்டு பழம் பறிக்க வைப்பாங்க. வேலை முடிஞ்சதுக்கு அடையாளமா ஏத்தற கொடி உச்சில இருக்கறவளுக்குத் தான் முதல்ல தெரியும், அவ ஒரு சின்ன ராகம் பாடுவா, அத பறவைங்க வாங்கித் தோப்பு முழுக்க சொல்லும். வெளஞ்சத அவங்களே எடுத்துத் திங்க முடியாது, தின்னா சவுக்கடி, அதுவும் எல்லாரும் நின்னு பாக்கணும்.

இந்த இடத்த நான் எங்கம்மாவுக்கு தமிழ்ல சொல்லிக்கிட்டு இருந்தேன். அம்மா சின்ன வயசுல பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவினவங்க, அப்புறம் செம்பனைல உதிரிப்பழம் பொறுக்கினவங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க, ரூ பாவம்னெல்லாம் ஒண்ணும் சொல்லல, "சரி, அந்த ஊர்ல எடை பாக்கறவன் யாரு?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். "காலையில பெரட்டுக்குப் பேர் கூப்புடறவன் ஒருத்தன் இருப்பான்ல, எடை போட்டு எழுதறவன் ஒருத்தன் இருப்பான்ல, பால்ல தண்ணி இருக்குன்னு கழிக்கறவன் இருப்பான்ல, அவனுங்க எங்க தங்குவானுங்க, லயத்துலயா, பங்களாவுக்குப் பக்கத்துலயா?" புக்குல அதுக்குப் பாதி பதில் தான் இருக்கு, காவல்காரங்க பத்தி இருக்கு, கங்காணி பத்தி ரொம்ப இல்ல. ஆனா அந்தக் கேள்விய அன்னையிலருந்து நான் விடல, எந்த டிஸ்டோப்பியா நாவல் எடுத்தாலும் முதல் 50 பக்கத்துல இத கேட்டுப் பாக்கறேன். எடை யாரு பாக்கறா? சோறு எங்கருந்து வருது? காதலிக்கற அந்த ரெண்டு பேருக்கு துணி தோச்சுக் குடுக்கறது யாரு? எழுத்தாளருக்கு பதில் தெரிஞ்சா உலகம் நிக்கும், உலகம் நின்னா தான் லவ்வுக்கும் பயம் வரும். தெரியலன்னா அது வெறும் செட்டிங், லவ் சீன் எடுக்க போட்ட பந்தல்.

ஹங்கர் கேம்ஸ் இதுல பாஸ் ஆகறது அரிசிக் கணக்குனால. தெசரேன்னு ஒண்ணு வரும். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேணும்னா, சாகப் போற குலுக்கல்ல உன் பேர ஒரு தடவை கூடுதலா போடணும், அது வருஷா வருஷம் சேந்துக்கிட்டே போகும். அதனால 16 வயசுல காட்னிஸ் பேரு 20 தடவை, 18 வயசு கேல் பேரு 42 தடவை. சட்டத்துல எல்லாருக்கும் ஒரே ரூல், பசிக்கறவன் பேரு மட்டும் டப்பால நிறைய கெடக்கும். இதுக்கு மேல அரசியல் விளக்கம் எதுக்கு. லவ்வும் அந்தக் கணக்குக்குள்ள தான் ஓடுது, கேமரா முன்னாடி காட்னிஸும் அவ கூட போட்டிக்குப் போன பீட்டாவும் காதலிச்சா தான் ஸ்பான்சர் மருந்து அனுப்புவான், சூப் அனுப்புவான், அதனால எது நெசம் எது நடிப்புன்னு அவளுக்கே புரியாது, படிக்கற நமக்கும் புரியாது. இந்த ரகத்துல இத விட நல்ல லவ் கதை எனக்கு இன்னும் கெடைக்கல.

அடுத்து டைவர்ஜன்ட், வெரோனிகா ராத், 2011. சிகாகோ நகரம், அஞ்சு பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம், 16 வயசுல ஒண்ண தேர்ந்தெடுக்கணும். செம வேகம், ட்ரெய்ன்லருந்து குதிக்கறதெல்லாம் படிக்க ஜாலியா இருக்கும், ஹீரோயின் டிரிஸும் அவ காதலிக்கற ஃபோரும் எனக்கு புடிக்கும். ஆனா அம்மா கேள்விய கேட்டா ஆடிப் போயிடும். கூட்டறது, கட்டறது, ட்ரெய்ன் ஓட்டறது எல்லாம் எந்தப் பிரிவுலயும் சேராத ஏழைங்க பண்றாங்கன்னு ரெண்டு வரில சொல்லிட்டு, முதல் பாகத்துல அவங்க பக்கம் சரியா திரும்பவே இல்ல. எனக்கு அவங்க கதை தான் வேணும். படம் மட்டும் பாத்தவங்களுக்கு ஒரு விஷயம், 2016ல மூணாவது படத்தோட நின்னு போச்சு, கடைசிப் படம் எடுக்கவே இல்ல, அதனால முடிவு வேணும்னா புக்கு தான். மூணாவது புக்க தொறந்ததும் டிரிஸ் ஒரு அத்தியாயம், ஃபோர் ஒரு அத்தியாயம்னு மாறி மாறி பேசறத பாப்பீங்க, அது ஏன்னு யாரையும் கேக்காதீங்க, கூகுள் பக்கமே போகாதீங்க. அந்த முடிவுக்கு நிறைய பேரு கோவப்பட்டாங்க, எனக்கு என்னமோ அது சரின்னு தான் படுது.

தி செலக்ஷன், கியரா காஸ், 2012. இளவரசனுக்கு பொண்ணு தேட 35 பொண்ணுங்கள அரண்மனைக்கு கூட்டிட்டு வந்து டிவில காட்டுவாங்க. சுயம்வரம் தலைகீழா. எட்டு சாதியா மக்கள பிரிச்சு நம்பர் குடுத்திருப்பாங்க, ஹீரோயின் அமெரிக்கா அஞ்சாவது, பாட்டு பாடற குடும்பம், அவ ரகசியமா காதலிக்கற ஆஸ்பென் ஆறாவது, வேலைக்காரங்க. இந்த ஒரு விஷயத்த வச்சே என்னென்னமோ பண்ணியிருக்கலாம், நம்ம வீட்டு கல்யாணப் பேச்சுல நம்பர் மட்டும் தான் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு. ஆனா எழுத்தாளருக்கு கவுன் மேல தான் கண்ணு. பொண்ணு அரண்மனையில இருக்கற வரைக்கும் வீட்டுக்கு காசு வரும்னு ஒரு நல்ல முடிச்சு போட்டுட்டு அத இறுக்காம விட்டுட்டாங்க. இருந்தாலும் பரீட்சை முடிஞ்ச வாரத்துல, மழை பேஞ்சு கரண்டு போயி, மைலோ கலக்கி வச்சுக்கிட்டு படிக்க இத விட்டா வேற கெடையாது, நான் தடுக்க மாட்டேன். மூணோட நிறுத்திக்கோங்க, நாலாவதும் அஞ்சாவதும் அடுத்த தலைமுறை, எனக்கு அந்தப் பொண்ண புடிக்கல.

மேட்ச்ட், ஆலி காண்டி, 2010. யாருக்கு யாருன்னு சொசைட்டியே கணக்கு போட்டு ஜோடி சேத்து வைக்கும். நம்ம ஆளுங்க இத படிச்சா "இதுக்கு எதுக்கு சொசைட்டி, ஈப்போ ஜோசியர் போதுமே"ன்னு சிரிப்பாங்க. கதை மெதுவா போகும். ஆனா 100 கவிதை, 100 பாட்டு மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எல்லாம் அழிச்சுட்டாங்கன்னு வர்ற விஷயம் பிரமாதம், அதுக்காகவே படிக்கலாம். டெலிரியம், லாரன் ஆலிவர், 2011, இதுல காதலே ஒரு வியாதி, 18 வயசுல ஆப்பரேஷன் பண்ணி குணப்படுத்திடுவாங்க. ஐடியா சூப்பர், மொழி அழகு, நடுவுல தூக்கம் வரும். இந்த ரெண்டுக்கும் தாத்தா 1949ல வந்த ஜார்ஜ் ஆர்வெல்லோட "1984" நாவல் தான், அதுலயும் அரசாங்கம் முதல்ல பயப்படறது ரெண்டு பேரு தனியா சந்திக்கறதுக்குத் தான், ஆனா அது லவ் கதைன்னு நெனச்சு எடுத்துடாதீங்க, மனசு ஒடஞ்சிடும்.

ரெட் குவீன், விக்டோரியா அவேயார்ட், 2015, ஃபேன்டசியும் டிஸ்டோப்பியாவும் கலந்தது. வெள்ளி ரத்தம் உள்ளவங்களுக்கு சக்தி, அவங்க ஆளுவாங்க, சிவப்பு ரத்தம் உழைக்கும், 18 வயசுல வேலை இல்லன்னா நேரா போருக்கு. எடை கேள்விக்கு ஓரளவு பதில் வச்சிருக்காங்க, துரோகம் வர்ற இடம் நல்லா இருக்கும். ஆனா ஹீரோயினுக்கு எத்தன பசங்க தான் லா, எண்ணிக்கிட்டே படிக்க வேண்டியிருக்கு.

இந்த முக்கோண லவ்வ எப்படி எடை போடறதுன்னு கேட்டா, ரெண்டு பசங்க பேரையும் மறைச்சுட்டு, ஒருத்தன தேர்ந்தெடுத்தா அவ வாழ்க்கை எப்படி மாறும்னு யோசிங்க. கேல்ன்னா கோவம், சண்டை, பீட்டான்னா ரொட்டி, அமைதி. ரெண்டு வழியும் வேற வேற. ஒருத்தன் கறுப்பு முடி, இன்னொருத்தன் பொன்னிற முடி, அவ்வளவு தான் வித்தியாசம்னா புக்க மூடுங்க, யார கட்டிக்கிட்டா நமக்கென்ன.

இப்போ டிராகன் பக்கம். ரெபெக்கா யாரோஸோட ஃபோர்த் விங் 2023ல வந்துச்சு, ரெண்டாவது பாகம் அதே வருஷம், மூணாவது 2025 ஜனவரி. வயலட் உடம்பு பலவீனமான பொண்ணு, மூட்டு சட்டுன்னு வெலகும், புத்தகத்தோட இருக்க ஆசைப்பட்டவள அம்மா டிராகன் ஓட்டற போர் கல்லூரிக்குத் தள்ளிடுவாங்க. அந்த வலிய எழுதின விதம் எனக்கு ரொம்ப புடிச்சுது, சேணம் கட்டறதுலருந்து சண்டை போடறது வரைக்கும் எல்லாத்துக்கும் அவ வேற வழி தேடணும். லவ்வ விட டைர்ன்னு ஒரு கெழட்டு டிராகன் சிடுசிடுன்னு பேசறது தான் எனக்கு விருந்து. சாரா ஜே. மாஸோட எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ் 2015, முதல் பாதி இழுவை, பொறுமையா போனா கடைசி மூணுல ஒரு பங்கு பறக்கும், ரெண்டாவது பாகம் முதல விட நல்லா இருக்கும்.

ஆனா தங்கச்சிங்களா, இந்த ரெண்டும் பெரியவங்க புக்கு. மாஸோடது முதல்ல டீனேஜர் பிரிவுல தான் வந்துச்சு, அப்புறம் தான் பெரியவங்க பிரிவுக்கு மாத்தினாங்க, அட்டையில பூவும் முள்ளும் பாத்துட்டு நிலாம்ங்கற ஸ்கூல் வாசிப்புத் திட்டத்துக்கு ரிப்போர்ட் எழுத எடுத்துட்டுப் போயிடாதீங்க, டீச்சர் நடுப்பக்கத்த தொறந்தா அலாமாக் தான். 18க்கு மேலன்னா உங்க இஷ்டம். படுக்கையறை சீன் புடிக்கலன்னா தாண்டிட்டு அடுத்த அத்தியாயம் போங்க, கதை எங்கயும் அறுந்து போகாது, நான் பாதி நேரம் அப்படித்தான்.

புக்கு எங்க வாங்கறதுன்னா, புதுசு எடுக்கறதுக்கு முன்னாடி லைப்ரரி பாருங்க. ஷா ஆலாம் போற வேலை இருந்தா ராஜா துன் உடா லைப்ரரில ஒரு நாள் முழுக்க ஒக்காரலாம், ஏசி வேற. பிக் பேட் வுல்ஃப் சேல் 2009லருந்து நடக்குது, மலிவு தான், ஆனா அங்க போனா முதல் பாகம் இருக்காது, ரெண்டாவது மலையா குவிஞ்சு கெடக்கும். "முதல் பாகம் அப்புறம் வாங்கிக்கலாம்"னு ரெண்டாவத தூக்காதீங்க, அது வீட்டுல அனாதையா கெடக்கும். நாலஞ்சு பேரா சேந்து ஆளுக்கு ஒரு பாகம் வாங்கி சுத்து விடறது தான் எங்க ஊர் வழக்கம். அதுல ஒண்ணே ஒண்ணு, கடைசி பாகம் உங்க கையில இருக்கணும், முதல் ரெண்டையும் திருப்பிக் குடுத்தா தான் அத தருவேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, அப்போ தான் புக்கு வீட்டுக்கு வரும், காப்பிக் கறையோட வந்தாலும் வரும்.